அரசாணிக்கொடியும் ஐரிஸ் கிழங்கும்

— காயை அங்கயே வெச்சிருங்கக்கா. படலைத் தாண்டி உள்ள கொண்டாந்தீங்கன்னா உங்க தலையிலயே போட்டு ஒடைச்சிருவேன்.

— ஒடை கண்ணு. பதினாலு மாசங் கழிச்சு இன்னைக்குத்தான் உன்ற ஊட்டுக்குப் பின்னால இந்தப் பொடக்காளிக்குள்ள கால் வெக்கறேன். ஓரகத்தி ஊட்டுக்கு வெறுங்கையோட வரப்படாதுன்னு தூக்கியாந்தேன். என்ற தலையில ஒடைச்சாலும் சரி, செவுத்துல ஒடைச்சாலும் சரி. ஒடைச்சுப் போட்டு ரெண்டு வார்த்தை பேசு ஜனனி.

— என்னத்தப் பேசறதுங்க மருதக்கா? உங்கூட்டுக்காரரு அவரோட சொந்தத் தம்பிய, என்ற புருசனைக் கடப்பாரையில அடிச்சுக் கொன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. அதை வியாழக்கிழமை கோர்ட்டுல பேசறேன். வந்து முன்னாடி உக்காந்து கேட்டுக்கோங்க.

— ஒரு வயித்துல பொறந்தவிய சாமி அவிய.

— அதனாலதானுங்க எடம் பாத்து அடிக்க முடிஞ்சுது.

— அட ஆத்தா… அதென்ன கையில? கத்தியா? மொதல்ல அதைக் கீழ வையி.

— நூல் வெட்டற டிரிம்மருங்க. பீஸ் பாத்துட்டு இருக்கறேன், தெரியலீங்களா? நான் பனியன் கம்பெனிக்குப் போறதில்ல. மூட்டையா இங்கயே கொண்டாந்து போடறாங்க. பிசிறு வெட்டி மடிச்சு வெச்சா எடுத்துட்டுப் போறாங்க. இது நூலைத்தான் அறுக்கும். மனுசனையெல்லாம் இதுல வெட்ட முடியாது. பயப்படாம நில்லுங்க.

— உக்காருன்னு சொல்ல மாட்டியா?

— மாட்டேனுங்க.

— சரி. நிக்கறேன். காயைக் கீழ வெக்கட்டா? கை வலிக்குது. ஏழு கிலோவுக்கு மேல இருக்கும்.

— எங்க காய்ச்சதுங்க அது?

— எங்கூட்டுப் பக்கம். தானா மொளைச்ச அரசாணி.

— எங்கூட்டுப் பக்கம்னா எந்த எடம்?

— …தொவைக்கிற கல்லுக்கு இக்கட்டால.

— அவரு விழுந்த எடத்துல.

— ஆமா.

— அவரு தலைக்கு அடியில ஒரு காயி கெடந்துச்சு. தலையும் காயும் ஒட்டுக்கா ஒடைஞ்சுது. வெதை எது, மூளை எதுன்னு தெரியாமக் கெடந்துச்சு. அந்த வெதை மொளைச்சுக் கொடியோடிக் காய்ச்சு, அதை நீங்க எனக்குக் கொழம்பு வெக்கறதுக்குத் தூக்கியாந்திருக்கறீங்க.

— ஒம்பது கொடம் தண்ணி ஊத்திக் கழுவுனேன் கண்ணு. போலீசுக்காரங்க போட்டோ எடுத்து முடிச்சதும் ஊத்துனேன். அந்தத் தண்ணியிலதான் மொளைச்சிருக்குது. புடுங்கலாம்னு மூணு தடவை குனிஞ்சேன். கை வரல. செத்துப்போன உன்ற புருசன் துரையே எந்திரிச்சு நிக்கறாப்ல இருந்துச்சு.

— எந்திரிச்சு நின்னா மறுபடியும் அடிக்கலாமுங்களே. கடப்பாரைதான் போலீசுல இருக்குது. மம்பட்டி இருக்கும்ல?

— பேசு. என்ன வேணாலும் பேசு. நான் வந்த சோலியைச் சொல்லிட்டுப் போறேன். திருமூர்த்தி வக்கீலு உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு.

— கொலைகாரனுக்கு வாதாடறவரு எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க இருக்குது?

— பொய்யி சொல்லச் சொல்லலை. நெசத்தைத்தான் சொல்லச் சொல்றாரு. கேட்டுக்கோ. அன்னைக்கு ஸ்டேசன்ல நீ சொன்னதை எழுதுனானே ஒரு ரைட்டரு, தெக்கத்தியான், அவன் என்ன எழுதியிருக்கறான் தெரியுமா? "எங்கள் வீட்டுப் பூசணிக்கொடியை என் கணவரின் அண்ணன் ஆத்தப்பன் வெட்டினார், நான் கண்ணால் பார்த்தேன்"ன்னு எழுதியிருக்கறான். பூசணியாமா!

— அரசாணிக்கொடின்னுதான் நான் சொன்னேன். அந்தாளு "அரச மரமா? அதை எப்படிம்மா ஒரு ஆளு வெட்டுனான்?"னு கேட்டாரு. மரமில்லீங்க கொடிங்கன்னேன். "கொடியா? அரசியல் கொடியா?"ன்னு கேட்டாரு. என்ற சீலை பூரா ரத்தம். அந்தக் கோலத்துல உக்காந்து மஞ்சளா உருண்டையா இருக்கும், சாம்பார்ல போடுவாங்கன்னு சமையல் பாடம் நடத்துனேன். சரி பூசணின்னு எழுதிக்கறேன்னாரு.

— அதான். நம்மூர்ல பூசணின்னா என்ன? வெள்ளைக்காயி. திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவுட்டு நடு ரோட்டுல போட்டு ஒடைக்கறது. உங்கூட்டுல என்னைக்காச்சும் பூசணிக்கொடி இருந்துச்சா?

— இல்லீங்க.

— அவ்வளவுதான்! இதைத்தான் கோர்ட்டுல கேப்பாரு. "உங்க வீட்டுல பூசணிக்கொடி இருந்துச்சா?" "இல்லீங்க." இந்த ஒத்த வார்த்தை போதுமாமா. இல்லாத கொடியை எப்படி வெட்டுவாங்க? வெட்டுனதைப் பாத்தேன்னு போலீசே சேத்து எழுதிருச்சுன்னு ஆயிரும். கொடிய வெட்டி, தம்பிய வரவெச்சு, கடப்பாரையோட காத்திருந்தாருன்னு ஒரு கதை கட்டியிருக்கறாங்களே, அது அடியோட விழுந்துரும். அப்பறம் சண்டையில வந்த சாவுதான். ஆயுள் தண்டனை வராதாமா.

— வரோணுமுங்க.

— ஜனனி…

— வரோணுமுங்கக்கா. ஆயுளுகூடப் பத்தாது. தூக்குப் போடோணும். கயிறு இல்லீன்னா சொல்லுங்க, இந்த மூட்டை கட்டற கயிறு நல்ல உறுதி, நானே குடுத்து உடறேன்.

— இத்தனை பணிவாப் பேசிட்டே இப்பிடிக் கொல்றியே கண்ணு.

— பணிவு உங்க குடும்பத்துல கத்துக்கிட்டதுங்க. உங்க கொழுந்தனாரு செவுத்தோட சேத்து என்ற தலைய மோதறப்பக்கூட, "சொன்னாக் கேக்கமாட்டீங்களா அம்மிணி"ன்னு மரியாதையாத்தான் கேப்பாரு.

— அன்னைக்கு நடந்ததை நீ செவுத்துக்கு இக்கட்டால நின்னு பாத்த. நான் அக்கட்டால, எங்கூட்டுப் பக்கம் நின்னு பாத்தேன். நான் பாத்ததை ஒருக்கா கேளு.

— வேண்டாமுங்க.

— கேளு. ஞாயித்துக்கெழமை, மணி பத்து. என்ற மக வர்ஷினி டியூசன் எடுக்கப் போயிட்டா. நான் தொவைக்கிற கல்லுமேல சட்டிய வெச்சுக் கறி அலசிட்டு இருந்தேன். எங்கூட்டுக்காரரு, பனியன் துணி ஓட்டற எங்க நிட்டிங் செட்டுக்குப் பின்னால கம்பி நடறதுக்குக் குழி தோண்டிட்டு இருந்தாரு. கடப்பாரை அதுக்குத்தான் கையில இருந்துச்சு, காத்திட்டு நின்னு ஒண்ணும் இல்ல. துரை செவுத்துமேல ஏறுனான். கையில கொடுவாளு. கொடியப் புடிச்சுட்டுக் குதிச்சான், கொடியும் காயுமா அவங்கூடவே வந்துச்சு. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. மொத வெட்டு காதுல. காது பறந்து என்ற கறிச்சட்டிக்குப் பக்கத்துல விழுந்துச்சு. நான் கறித்துண்டுதான் கீழ விழுந்துருச்சுன்னு எடுத்து அலசுனேன் சாமி. அலசறப்பத்தான் கடுக்கன் தட்டுப்பட்டுச்சு. ரெண்டாவது வெட்டு தோள்பட்டையில. எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. மூணாவதுக்கு ஓங்குனான். அப்பத்தான் அவிய கடப்பாரையைச் சுத்துனாரு.

— ஒரு அடின்னு சொல்லப்போறீங்களா?

— இல்ல. ரெண்டு. நின்னப்ப ஒண்ணு. விழுந்ததுக்கப்பறம் ஒண்ணு. அந்த ரெண்டாவது அடிய நான் மறைக்க மாட்டேன். வக்கீலு மறைக்கச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்.

— அந்த ரெண்டாவது அடிச் சத்தம் இன்னும் கேக்குதுங்க எனக்கு. பச்சைத் தேங்காயைத் துணியில சுத்தித் தரையில போட்டாப்ல. அதுக்குத்தான் தூக்குக் கேக்கறேன்.

— வர்ஷினிக்கு எடம் வந்திருக்குது கண்ணு. தாராபுரத்துப் பக்கம். மாப்பிள்ளை ஊட்டுக்காரவிய ஒரே ஒரு கேள்விதான் கேக்கறாங்க. அப்பன் எப்ப வருவாருன்னு.

— பத்திரிகையிலயே அடிச்சுருங்க. "கொலையாளி ஆத்தப்பன் மகள்"னு. மொய் எழுதற எடத்துல ஒரு கடப்பாரையைச் சாத்தி வெச்சுருங்க. வர்றவிய பாத்துட்டு மரியாதையா எச்சா எழுதுவாங்க.

— அடிச் சிறுக்கி! என்ற புள்ளையப் பேசாத!

— ஆ!

— ஐயோ. கண்ணு. கை நீண்டுருச்சு. வலிக்குதா? எங்க, காட்டு.

— பரவால்லீங்க. பழக்கந்தான். அவரு அடிச்சா இதைவிடச் சுத்தமா விழும். உங்க கையில அளவு பத்தலை. சாம்பிள் பீஸ் மாதிரி இருக்குது.

— நான் ஒண்ணும்…

— அப்பெல்லாம் நீங்க அடிக்கலீங்க. டிவி சத்தத்தை மட்டும் ஏத்தி வெப்பீங்க.

— கேட்டுச்சா உனக்கு?

— எந்த சீரியல்னுகூடச் சொல்லுவேன். எங்கூட்டுல சட்டி பறக்கறப்ப உங்கூட்டுல யாரோ ஒரு மாமியாக்காரி சிரிச்சுட்டு இருப்பா. ஒருக்கா நான் "அக்கா"ன்னு கத்துனேன். சத்தம் இன்னும் ரெண்டு புள்ளி ஏறுச்சு.

— ஏத்துனேன். இல்லீன்னு சொல்லல. குடும்பத்துக்குள்ள தலைய நீட்டுனா ரெண்டு குடும்பமும் போயிரும்னு நெனச்சேன். நீட்டாமயே போயிருச்சு. …சித்த தண்ணி குடேன்.

— அந்தப் போசியில இருக்குதுங்க. மோந்துக்கோங்க.

— ம். இதென்ன, இந்தக் கெழங்கு இன்னும் உசுரோட இருக்குதா? கம்பெனி டூர்ல ஊட்டி போனப்ப வாங்கியாந்தியே, ஐரிசோ கொய்ரிசோ.

— ஐரிஸ்தானுங்க. பாப்பா கவுன் சாம்பிள்ல எம்ப்ராய்டரி போட்டு வந்துச்சு, அந்தப் பூவு. ஒரு லட்சம் பீசு அதையே பாத்தேன். நூல் பிசிறு இருக்குதா, இதழு கோணலா இருக்குதான்னு. ஒரு லட்சம் தடவை பாத்ததை நெசத்துல ஒரு தடவை பாக்கோணும்னு இருந்துச்சு.

— பாத்தியா?

— நாளைக்குப் பாப்பேன். மொட்டைப் பாருங்க.

— நாலஞ்சு வருசம் ஆச்சேடி! பூத்தா எத்தனை நாளைக்கு நிக்கும்?

— ஒரு நாளு. சாயங்காலம் சுருண்டுக்கும்.

— அட கெரகமே! ஒரு நாளு பூக்கறதுக்கு நாலு வருசத் தண்ணியா? சாமிக்கு ஆகுமா?

— ஆகாதுங்க.

— தலைக்கு?

— வெக்க முடியாதுங்க. காம்பு நிக்காது.

— மாடாச்சும் திங்குமா?

— திங்காதுங்க.

— அப்பறம் எதுக்குடி அது? அரசாணியப் பாரு. ஒரு வெதையத் துப்பி உட்டாப் போதும். கொழுந்தெலை பொரியலு, பூவுல பஜ்ஜி, பிஞ்சுல கூட்டு, பழுத்தாக் கொழம்பு. வெதைய வறுத்துக் கொறிச்சுக்கலாம், தோலு மாட்டுக்கு. நோம்பிக்கு ஒரு காயை அறுத்தா வீதியே திங்கும். துரை ஊடு ஊடாக் கொண்டு போயிக் குடுப்பானே, மறந்துட்டியா? செடின்னா அது செடி.

— வீதியே திங்குமுங்க, சரிதான். அந்தக் கொடியும் வீதியவே திங்கும். சுருளை நீட்டித் தேடிட்டே இருக்கும். கம்பி அகப்பட்டாக் கம்பி, காயப்போட்ட துணி அகப்பட்டாத் துணி. பக்கத்துச் செடியோட கழுத்து அகப்பட்டா அதையும் சுத்திக்கும். புடிச்சா விடாது. பிய்ச்சாத்தான் வரும், அப்பவும் நம்ம தோலையும் சேத்துத்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு மொழம் போகும். எலைக்கு அடியில வேற ஒண்ணு மொளைக்க உடாது. ஊர்ல எல்லாரும் "அடடா, என்ன காப்பு, என்ன காப்பு"ன்னு புகழுவாங்க. உங்கூட்டு ஆம்பளைக மாதிரி.

— உன்ற செடி மட்டும் என்னவாம்?

— இருக்கற எடத்துல நிக்குமுங்க. யாரு மேலயும் சாயாது. எலை கத்தியாட்ட இருந்தாலும் யாரையும் குத்தாது. கேட்டது ஒரு சாண் வெயிலு. அவ்வளவுதான்.

— மேல பாத்தா சாதுதான். மண்ணுக்கடியில கெழங்கு என்ன பண்ணுதுன்னு யாரு கண்டா? நீ வெச்சது ஒரு கொத்து. இன்னைக்கு எண்ணிப் பாரு, ஆறு கொத்து நிக்குது. அரசாணி போற வழியை எட்டூருக்குச் சொல்லிட்டுத்தான் போகும். இது சத்தமில்லாம அடியில ஊந்து ஊந்து வந்து, நாம நெனைக்காத எடத்துல தலையத் தூக்கும். எனக்கு என்னமோ இதைக் கண்டாத்தான் பயம்.

— இருங்க. நூலு சிக்கிருச்சு.

— முன்ன இந்த எடத்துல ஒரு ஹாலோ பிளாக் கல்லு கெடந்துச்சே? காயி மண்ணுல பட்டா அழுகுமுன்னு துரை தாங்கலுக்கு வெச்சானே?

— தூக்கி எறிஞ்சுட்டேன்.

— கொடி மேல உனக்கு இத்தனை கோவம்னு எனக்குத் தெரியாது போ. எல்லாரும் அவியளுக்குத்தான் கோவம்னு நெனச்சோம்.

— நெனைக்கறது என்னங்க? பெரியவரு வீதியில நின்னு கத்துனதை எத்தனை பேரு கேட்டாங்க? "உன்ற கொடி என்ற செட்டு மேல ஏறுது, தகரம் ஓட்டையாகித் தண்ணி சொட்டுது, துணி ரோல் பூராக் கறை, ஒரு நாளைக்கில்ல ஒரு நாளைக்கு அடியோட அறுக்கறேன் பாரு"ன்னு. நம்ம நெருப்பெரிச்சல் ஊர்ல பாதிப் பேரு அதுக்குச் சாட்சி.

— வாயி கத்தும். கை வராது அவியளுக்கு. ஏன்னு கேளு. அது அவிய ஆத்தா காளியாத்தா சாகறப்ப மடியில கட்டி வெச்சிருந்த வெதை. ரெண்டு மகனுக்கும் பாதிப் பாதி குடுத்தா. இவிய போட்டது மொளைக்கலை. துரை போட்டது மொளைச்சுது. அந்த ஆத்தாமையிலதான் அத்தனை கத்தலும். நீயும் துரையும் நாலு நாளு பழனிக்குப் போயிருந்தீங்களே, அப்பக் கொடிக்குத் தண்ணி உட்டது யாருன்னு நெனைக்கற?

— மழை பேஞ்சுதுன்னு நெனச்சோம்.

— மழை! செவுத்துமேல ஏறி நின்னுட்டு, எங்கூட்டு ஓஸ் பைப்பை இங்க நீட்டி, தண்ணி அடிச்சாரு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும், "எலையில பூச்சி இருக்குது, கழுவறேன்"னு பொய்யி வேற. அந்த ஆளு அறுப்பாரா கண்ணு?

— …இதை ஏனுங்க யாருகிட்டயும் சொல்லலை?

— யாரு நம்பறது? நீதான் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டியே. இதைப் பாரு. முந்தானையில முடிஞ்சே கொண்டாந்திருக்கறேன்.

— என்னங்க இது, சுள்ளி?

— கொடியோட அடிக்கட்டை. ஸ்டேசன்ல மயங்கி விழுந்து நீ ஆஸ்பத்திரியில கெடந்த அன்னைக்கு இங்க வந்து எடுத்தேன். காஞ்சு சுண்டிப் போச்சு, ஆனா வெட்டுன வாயைப் பாரு. கொடுவாள்ல போட்டா ஒரே சீவு, வாழைத்தண்டாட்ட வழவழன்னு இருக்கும். இது கொஞ்சங் கொஞ்சமாக் கடிச்சாப்ல இருக்குது. ஏழெட்டுக் கடி. திருமூர்த்தி வக்கீலு பாத்துட்டுச் சிரிச்சாரு. "அம்மா, இது பெருச்சாளி வேலை"ன்னாரு. ஒரு பெருச்சாளிக்கு ரெண்டு ஆம்பளைகளைப் பறி குடுத்திருக்கறோம் ஜனனி.

— பெருச்சாளி.

— அப்படித்தான் இருக்கோணும். உன்ற மேல தப்பில்ல. அடியில நிழலாட்ட என்னமோ தெரிஞ்சிருக்கும், அவியதான்னு நெனச்சிருப்ப. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. வியாழக்கிழமை அந்த ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. பூசணி இல்லைன்னு. பொய்யும் இல்ல, பாவமும் இல்ல. உனக்கும் பொய்ச்சாட்சிங்கற பேரு வராது.

— எனக்கும் ஒண்ணும் வராது.

— வராது.

— சுத்தமாத் தப்பிச்சுக்கலாம்.

— ஆமா. …ஏன் டிரிம்மரைக் கீழ வெச்சுட்ட?

— பெரியவரு என்னங்க சொல்றாரு? உள்ள இருந்துட்டு?

— அதைச் சொல்லத்தான் எனக்கு வாயி வரலை. மனுப் போட்டுப் பாக்கப் போனா ஊட்டைக் கேக்கறதில்ல, செட்டைக் கேக்கறதில்ல, வர்ஷினியக்கூட ரெண்டாவதுதான் கேக்கறாரு. கம்பிக்கு அக்கட்டால வந்து நின்னதும் மொதக் கேள்வி, "அறுத்தது யாருன்னு தெரிஞ்சுதா?" அடிச்சு முடிச்சதும் கடப்பாரையப் போட்டுட்டு அவன் தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாரு. நீ ரோட்டைச் சுத்தி ஓடி வந்து சேர்றதுக்கு முன்னாடி. தலை அப்பிடி ஒடைஞ்சும் துரைக்குச் சித்த நேரம் பேச்சு இருந்துச்சு. ஒரே ஒரு பேச்சு. "ஏண்ணா அறுத்த? ஆத்தா குடுத்ததுண்ணா"ன்னான். இவிய காதுல ரத்தம் ஊத்துது. "நான் அறுக்கலைடா, நான் அறுக்கலைடா"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. ரெண்டாவது தடவை கேக்கறதுக்கு அவன் இல்ல. மொதத் தடவை கேட்டானா கேக்கலையான்னு தெரியலைன்னு மனுசன் தலைய முட்டிக்கறாரு. எனக்குத் தூக்கு வேணாலும் போடட்டும் மருது, அவன் நான் அறுத்தேன்னு நெனச்சுட்டே போயிட்டானேங்கறாரு.

— அக்கா.

— என்ன கண்ணு?

— உக்காருங்க.

— …உக்காந்துட்டேன். எதுக்கு அழுகற? அடிச்ச எடம் வலிக்குதா?

— வியாழக்கிழமை நான் பூசணி இல்லைன்னு சொல்ல மாட்டேனுங்க.

— அட ஆத்தா, இத்தனை சொல்லியுமா?

— அரசாணின்னே சொல்லுவேன். அதை யாரு அறுத்தாங்கன்னும் சொல்லுவேன். அந்தக் கட்டையக் குடுங்க. குடுங்க. இப்ப இந்த டிரிம்மரோட வாயையும் அந்தக் கடிச்ச வாயையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

— எதுக்கு… இரு. …இரு ஜனனி. இது…

— நூலுதான் அறுக்குமுங்க இது. அத்தனை மொத்தக் கொடிக்கு ஏழெட்டுக் கடி ஆயிருச்சு.

— நீயா?

— சனிக்கெழமை மொட்டு வந்திருந்துச்சு. வாங்கியாந்து மூணு வருசத்துல மொத மொட்டு. அவருகிட்டச் சொன்னேன், காயைச் சித்த அக்கட்டால நவுத்துங்க, நாளைக்குப் பூத்துரும்னு. சரீங்க அம்மிணின்னு சிரிச்சாரு. ஞாயித்துக்கெழமை காலையில வந்து பாத்தா அந்த ஹாலோ பிளாக்கைத் தூக்கி ஐரிஸ் மேல வெச்சு, அதுக்கு மேல அரசாணிய உக்கார வெச்சிருக்கறாரு. கல்லுக்கு அடியில இருந்து எலை நாக்கைத் துருத்துனாப்ல நீட்டிட்டு இருந்துச்சு.

— அடிப்பாவி… ஒரு பூவுக்கா?

— பூக்கலீங்களே. மொட்டுதான்.

— அறுத்துத் தொலைஞ்ச. அது போகட்டும். கோவத்துல யாரும் செய்யறதுதான். அப்பறம் ஏண்டி அவன் கொடுவாளைத் தூக்கிட்டு எங்கூட்டுக்கு வந்தான்? அவியதான் அறுத்தாருன்னு துரைக்கு யாரு சொன்னது?

— எலை வாடுனதைப் பாத்துட்டு என்ற முடியக் கையில சுருட்டிப் புடிச்சு, "எவன் அறுத்தது, சொல்லுங்க அம்மிணி"ன்னு கேட்டாருங்க. டிரிம்மர் என்ற இடுப்புல சொருகியிருந்துச்சு. நான் உங்கூட்டுப் பக்கம் கையைக் காட்டுனேன்.